அறுபத்தெட்டுக் கால் சேறு

அம்சத்துக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. நிலப் போராட்டத்தில் பிடித்துக்கொண்டு போய் நாகப்பட்டினம் சப்ஜெயிலில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஊற்றிய சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று, கூடவே பிடிபட்ட அதே தெரு ரெங்கம்மாள் கையை விட்டுத் துழாவினாள். அதைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்து வார்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் இந்த அம்சம். முப்பத்தெட்டு வயது. ஏழு வயதில் வயலில் இறங்கிய கால்.

கீழ்வேளூருக்குத் தெற்கே மணலிக்கட்டளையில், உச்சவரம்புக்கு மேல் பண்ணை வைத்திருந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக் கூலிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது அம்சத்துக்கு ஒரு ஏக்கர் வந்தது. ஆடிப் பாடிக்கொண்டு போய்ப் பார்த்தால், அடடா, பண்ணை செய்திருந்த வேலை! எப்படியும் கையைவிட்டுப் போகிற நிலம்தானே என்று, போகும் முன்பே மேல்மண்ணை ஒரு முழத்துக்குச் சுரண்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பியிருந்தார்கள். மிச்சம் கிடந்தது வெளிறிப்போன களிமண். வெட்டினால் மண்வெட்டிதான் மழுங்கியது. ஒரு மண்புழுகூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் வருஷம் போட்டது முளைத்ததோடு சரி. எழுபத்தெட்டாம் வருஷக் குறுவையும் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகிக் கருகிப்போனது.

இதற்குத்தான் காத்திருந்தார் பஞ்சநதம். பண்ணையின் காரியஸ்தர், முப்பது வருஷமாகப் பண்ணை வயலின் சேற்றைப் பெற்ற பிள்ளையைப் போலப் பீற்றிக்கொள்கிறவர். 'மேற்படி நிலம் சாகுபடி இன்றித் தரிசாகக் கிடக்கிறது, பட்டாவை ரத்து செய்க' என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு தட்டினார். மார்கழியில் தாசில்தார் நேரில் வருவார் என்று அம்சத்துக்கு நோட்டீஸ் வந்தது. அன்றைக்கு வயலில் பயிர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நிலம் போச்சு. நோட்டீசைப் படித்துக் காட்டிய புருஷன் ரெத்தினம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அம்சம்கூட அன்று சிரிக்கவில்லை.

புரட்டாசியில் காதர் மைதீன் வந்து சேர்ந்தார். கூத்தாநல்லூர்க்காரர், விவசாய ஆபீசில் புது ஆள். சைக்கிள் கேரியரில் ஒரு காகிதப் பொட்டலத்தை ஏதோ வைரம் மாதிரி கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, இது நீலப்பச்சைப் பாசி. கண்ணுக்குத் தெரியாத உயிர். இதுவே காத்துலேர்ந்து உரத்தை இழுத்துப் பயிருக்குக் குடுக்கும். ஒரு குழி வெட்டி வளத்துப் பெருக்குங்க."

குழி வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மண்ணும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுத் தண்ணீர் கட்டிப் பாசியைத் தூவினார்கள். பத்து நாளில் வருகிறேன் என்று போனார். ஐந்தாம் நாளே தண்ணீரில் பச்சையாக ஒரு ஏடு படிந்தது. அம்சத்துக்குத் தலைகால் புரியவில்லை. தெருவே திரண்டு வந்து பார்த்தது. இத்தனை கண் பட்டால் என்ன ஆவது? புதிதாக வந்த உயிராயிற்றே! பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செய்வதைச் செய்துவிட வேண்டியதுதான் என்றாள் ரெங்கம்மாள். வீட்டுக்கு ஒரு பிடி மஞ்சள் அரைத்து வந்து குழியில் கரைத்தார்கள். இரண்டு கூடை வேப்பிலையை உருவித் தண்ணீர் மறைய மிதக்கவிட்டார்கள். குலவைச் சத்தம் பண்ணை வீடு வரை கேட்டது.

பத்தாம் நாள் காதர் மைதீன் வந்தபோது குழி குழம்புச்சட்டி மாதிரி மஞ்சளாக இருந்தது. நாற்றம் வேறு.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"ஒரு கிருமி அண்டக் கூடாதுன்னு மஞ்சளும் வேப்பிலையும் போட்டோம் சார்."

காதர் மைதீன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, நாம வளக்குறதே கிருமியத்தான்!"

ஒரு நொடி எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு அம்சம் ஆரம்பித்தாள் பாருங்கள், சிரித்துச் சிரித்துக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் காதர் மைதீனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நிலம் போகப் போகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பா அது என்று ரெத்தினத்துக்கு எரிச்சல்.

சிரிப்பு அடங்கியதும் அம்சம் கேட்டாள்: "கிருமி நல்லதுன்னா, பண்ணை வயல்லயும் இருக்குமா சார்?"

"ஒரு சிட்டிகைச் சேத்துல நம்ம ஜில்லா ஜனத்தொகையைவிட அதிகமா இருக்கும். உங்க நிலத்துல அதெல்லாம் மேல்மண்ணோட சூளைக்குப் போயிருச்சு."

"அதுல கொஞ்சம் கொண்டாந்து போட்டா? பாலுக்கு உறைமோர் ஊத்துற மாதிரி?"

காதர் மைதீன் வாயைப் பிளந்தார். "தழையும் சாணியும் தீனியாப் போட்டுத் தண்ணி கட்டி வச்சா பெருகும்க்கா. ஆனா பஞ்சநதம் ஒரு கூடை சேறு குடுப்பாரா?"

ஒரு கூடை என்ன, ஒரு கரண்டிகூடக் கொடுக்க மாட்டார். அம்சம் இரண்டு நாள் யோசித்தாள். ஐப்பசி பிறந்து ஊரெங்கும் நடவு. மூன்றாம் நாள் சாயங்காலம், பண்ணை வயலில் நடவு முடித்து முழங்கால் வரை சேற்றோடு கரையேறிய பெண்கள் வழக்கம்போல வாய்க்காலில் கால் கழுவ இறங்கினார்கள். ரெங்கம்மாளின் காலிலிருந்து கறுப்பாகச் சேறு கரைந்து ஓடியது. அம்சம் போட்ட கூச்சலில் ரெங்கம்மாள் பாம்பு என்று நினைத்து ஒரே தாவாகத் தாவினாள்.

"கழுவாதீங்கடி! எல்லாரும் அப்படியே என் வயலுக்கு வாங்க!"

அன்று தொடங்கியது கூத்து. முப்பத்துநான்கு பெண்கள், நடவு முடிந்தால் நேரே அம்சத்தின் வயல். தழையும் சாணமும் போட்டுத் தண்ணீர் கட்டியிருந்த அந்த நிலத்தில் இறங்கிக் காலைக் கழுவி, கழுவின கையோடு மிதித்து, ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டு, விழுந்தவள் முதுகுச் சேற்றையும் சேர்த்து அலசிவிட்டுப் போனார்கள். அம்சம் வரப்பில் செக்போஸ்ட் போலீஸ் மாதிரி நின்றாள்.

"எந்த வயல்லேர்ந்து வர்ற?"

"கோயில்பத்து வயல்லேர்ந்து."

"அங்கன மருந்து அடிச்சிருக்கான். நீ வாய்க்கால்லயே கழுவிட்டு வா!"

காதர் மைதீன் சொல்லியிருந்தார், பூச்சிமருந்து பட்ட சேற்றில் நல்லதும் செத்திருக்கும் என்று. திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு ஒரே அவமானம். மறுநாள் கங்காணியிடம் சண்டை போட்டு வயலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பதினெட்டு நாள் இப்படி. கடைசி நாள் அத்தனை பேரும் சேர்ந்து அம்சத்தின் வயலை நட்டுக் கொடுத்தார்கள். காதர் மைதீன் ஆபீசில் கெஞ்சி வாங்கிய இன்னொரு பொட்டலப் பாசியைத் தூவினார். இந்தத் தடவை அம்சம் மஞ்சள் டப்பாவை ரெங்கம்மாளிடமிருந்து பிடுங்கித் தன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டாள்.

பயிர் பிடித்தது. பண்ணைப் பயிர் மாதிரி கருகருவென்று இல்லை. அங்கங்கே சொட்டை, மேற்கு மூலை மஞ்சள். ஆனால் பச்சை. இதைப் பார்த்த பஞ்சநதத்துக்கு வயிறு எரிந்தது. கால் கழுவிய சங்கதி காதுக்கு வந்ததும் தாங்க முடியாமல் இன்னொரு மனு எழுதினார். 'எமது பண்ணையின் உயர்ந்த ரகச் சேற்றை முப்பத்துநான்கு பெண்கள், அறுபத்தெட்டுக் கால்களில், பதினெட்டு நாட்கள் கடத்திச் சென்று மேற்படி நிலத்தில் பயிர் வளர்த்துள்ளனர்.'

மார்கழியில் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டம் கூடியது. இரண்டு மனுவையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தார்.

"பஞ்சநதம், இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"இதுவும்?"

"ஆமாங்க."

"இதுல நிலம் தரிசுன்னு இருக்கு. அதுல பயிர் வளத்துட்டாங்கன்னு இருக்கு. எது நெசம்?"

பஞ்சநதம் தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். தாசில்தாரே தொடர்ந்தார்.

"தரிசுன்னா சேறு திருடு போகலை. ரெண்டாவது மனுவைக் கிழிச்சிடுறேன். ஊர் நடுவுல சொல்லிடுங்க, உங்க சேத்துல ஒண்ணும் விசேஷம் இல்ல, அதால இங்க எதுவும் விளையலைன்னு."

அம்சம் பஞ்சநதத்தின் வாயையே பார்த்தாள். அந்த மனுஷர் மட்டும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் சொட்டையும் மஞ்சளுமான இந்தப் பயிரைத் தாசில்தார் எப்படி எழுதுவாரோ. பஞ்சநதம் பயிரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முப்பது வருஷப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

"எங்க சேத்துல விசேஷம் இல்லையா? என்ன சார் பேசுறீங்க! அது எங்க சேறு! அது இல்லாட்டி இங்க ஒரு புல்லு முளைச்சிருக்குமா?"

"அப்ப பயிர் இருக்கு," என்றார் தாசில்தார். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் பக்கம் திரும்பி, "சாகுபடின்னு எழுதிக்குங்க. பட்டா செல்லும்."

குலவை எழும்பியது. ரெங்கம்மாள் பஞ்சநதத்துக்கே திருஷ்டி கழிக்கப் போனாள். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். காதர் மைதீன் சைக்கிள் மணியை விடாமல் அடித்தார். ரெத்தினம் எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போம்மா, இறங்கி வேலையைப் பாரு. மேற்கு மூலையில களை மண்டுது," என்றார் தாசில்தார்.

அம்சம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். நின்றவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கங்காணியைக் கேட்டுக் கேட்டே வயலில் இறங்கிய முப்பது வருஷப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது:

"எந்தப் பக்கமா இறங்கட்டும் சார்?"

"என்னைக் கேக்குற? உன் வயலும்மா. எந்தப் பக்கம் வேணும்னாலும் இறங்கு."

அம்சம் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே வயலில் இறங்கினாள்.