லினக்ஸ் வழியாகப் போன கல்யாணம்

கல்யாண வீடியோக்காரனுக்குத் தாலி கட்டும் அரை நிமிடம்தான் பரீட்சை. அதை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் லேப்டாப்போடு எழுதியவர்களுக்கு என் பாடு புரியும்.

கேமரா எங்கே?

வலங்கைமானில் கல்யாணம். பெண்ணின் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தாலி கட்டுறத மட்டும் நேரா காட்டிடுங்க தம்பி" என்றார் போனில். ஒப்புக்கொண்டேன். இருபத்தைந்து வருடத் தொழில், சந்தேகமே வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டில் ஒத்திகை. கேமராவையும் லேப்டாப்பையும் யூஎஸ்பி ஒயரால் இணைத்தேன். பழைய பதிவுகள் ஃபைல்களாக வந்து நின்றன. நேரடிப் படம் வரவில்லை. லினக்ஸின் கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாக அடித்தேன். அந்த ஒயர் ஃபைலை மட்டும்தான் கடத்தும், நேரடிப் படத்துக்கு எச்டிஎம்ஐ ஒயரும் நடுவில் படத்தை லேப்டாப்புக்குள் வாங்கிக் கொடுக்கும் ஒரு கேப்சர் கார்டும் வேண்டும் என்பது மத்தியானம்தான் உறைத்தது. இரண்டையும் கும்பகோணத்தில் வாங்கிவந்து சொருகியதும் படம் பளிச்சென்று வந்தது. மனைவி சொன்னாள்: "காலையிலேர்ந்து லினக்ஸைத் திட்டிக்கிட்டிருந்தீங்க. அதுகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க."

யார் முகம்?

மண்டபத்தில் வீடியோ கால் போட்டுப் பெண்ணின் அப்பாவைச் சேர்த்துவிட்டுக் கேமரா பக்கம் போனேன். யாரோ காலில் ஒயர் சிக்கிக் கழன்றது. மறுபடி சொருகினேன், திரையைப் பார்க்கவில்லை. ஒயர் போனதும் லேப்டாப் தன் சொந்தக் கேமராவுக்குத் தாவியிருந்தது. அது என்னைப் பார்த்தபடி மேசையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "தம்பி, பத்து நிமிஷமா உங்களையே பார்த்துக்கிட்டிருக்கேன். பொண்ணு வந்தாச்சா?"

தூங்கிய கேமரா

அவசரமாக லேப்டாப்பை என் கேமராவுக்கு மாற்றிக் கொடுத்தேன். மகள் மணவறையில் உட்கார்ந்திருப்பதை அப்பா பார்த்துவிட்டார். புரோகிதர் தாலியை எடுத்துக் கொடுக்கும்போது கேமரா இருண்டது. இருந்த பதற்றத்தில் பதிவுப் பொத்தானையே நான் அமுக்கவில்லை. பதிவும் ஓடாமல், கையும் படாமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் அது தானாக அணைந்துவிடும். இத்தனை வருடம் என்னதான் கற்றுக்கொண்டேன்?

நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன். பெண் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, "அப்பா வந்துடட்டும்" என்றாள். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். கேமராவை உயிர்ப்பித்துப் படம் வரப் பத்து நொடி ஆனது. தலையாட்டினேன். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை ஒரு முடிச்சு, நாத்தனார் இரண்டு முடிச்சு.

மேளம் அடங்கியதும் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "பார்த்துட்டேன் தம்பி. நாத்தனார் போட்டதுதான் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. இறுக்கச் சொல்லுங்க."

இதில் லினக்ஸ் செய்த தவறு என்ன என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை அகப்பட்டவன் நான் மட்டும்தான்.