சர்க்கரை காணாமல் போன பாட்டில்

எங்கள் தொழிலில் வணக்கம் வருவதற்கு முன்பே பாட்டில் கைக்கு வந்துவிடும். லேபில் வேலை பார்க்கும் அன்பர்களே, உங்களுக்கும் அப்படித்தானே? கரிக்கலாம்பாக்கத்து லேபில் சோதனைக் குழாய் கழுவ வந்து, பழைய புத்தகங்களைப் படித்தே தொழில் கற்றவன் நான்.

அடுப்பில்லா இட்லி

சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க இப்போது நிறம் மாறும் பட்டை இருக்கிறது. ஆனாலும் சந்தேகம் வந்தால் நான் குழாயைத் தீயில் காட்டுவேன். புரதம் இருந்தால் மேல்பாதி வெள்ளையாகத் திரளும். ஒரு சொட்டு அமிலம் விட்டாலும் கரையாது.

மடுகரை முருகேசன் நெல் விவசாயி, பல வருடச் சர்க்கரைக்காரர். அவருக்கு லேசாகத் திரண்டது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாபா இது, என் மூத்திரத்துல இட்லி வேவுது?"

குவார்ட்டர் பாட்டில்

சர்க்கரை குறையாவிட்டால் இனி இன்சுலின் ஊசிதான் என்று சொல்லி, டாக்டர் ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்க அனுப்பினார். முருகேசன் வீட்டிலிருந்தே பிடித்துவந்தார். நாம் கொடுக்கும் டப்பாவை யார் மதிக்கிறார்கள்? குவார்ட்டர் பாட்டில்தான்.

சர்க்கரை காட்டும் பட்டையை நனைத்தேன். சர்க்கரை துளியும் இல்லை. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. குழாயைச் சூடாக்கினேன். இந்தமுறை தயிராகவே திரண்டது. இத்தனை வருடச் சர்க்கரை ஒரு வாரத்தில் எங்கே போகும்? கதவைச் சாத்திவிட்டு, "இது யாருதுணா?" என்று மெதுவாகக் கேட்டேன். சிரிப்பு நின்றது.

"என் சம்சாரத்துதுபா. ஊசிக்கு பயந்துக்கினு அவளாண்ட கேட்டு வாங்கியாந்தேன். அவளுக்குத்தான் ஒரு வியாதியும் கெடயாதே!"

தெளிந்த குழாய்

மறுநாள் மனைவி பூங்காவனத்தம்மாவை அழைத்துவந்தார். காலையில் முகம் வீங்குவதை, வெயிலில் களையெடுத்த அசதி என்று விட்டிருந்தார் அந்தம்மா. சுத்தமான டப்பாவில் வாங்கிப் பார்த்தேன். அதே தயிர். டாக்டர் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகமே போயிருக்கும் என்றார்களாம் அங்கே.

சில மாதம் மருந்து சாப்பிட்டபின் இருவரும் வந்தார்கள். அந்தம்மாவின் குழாயை அவர்கள் கண்ணெதிரே சூடாக்கினேன். மேலும் கீழும் ஒரே தெளிவு. முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார், பேச்சு வரவில்லை. அந்தம்மாவுக்கு வந்தது.

"ஊசிக்கு பயந்து என் மூத்திரத்த தூக்கினு வந்தாரே இந்தாளு, இப்ப டெய்லி நாந்தாண்ணா அவுருக்கு ஊசி போட்றேன்!"

அந்தக் குழாயைக் கழுவ மனம் வராமல் சாயங்காலம்வரை ஸ்டாண்டிலேயே வைத்திருந்தேன். என் மனைவி உயிரோடு இருந்திருந்தால், மூத்திரம்தானே என்று பார்க்காமல் கூட்டிவந்து அந்தத் தெளிவைக் காட்டியிருப்பேன்.