நெட்டி நம்பாத ரேடியோ

ஹார்லன் பள்ளத்தாக்கில் சந்தேகப்படுவதற்கென்று ஒரு போட்டி வைத்தால் பரிசு நெட்டி க்ரேபிலுக்குத்தான். வாங்கிக்கொண்டு, எனக்கு எதற்குக் கொடுத்தார்கள் என்று நடுவர்களையே ஒரு வருஷம் சந்தேகப்படுவாள். காலையில் மலைக்கு மேலே சூரியன் வந்தால், நேற்றுப் போன அதே ஆள்தானா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். சரி, சூரியன் விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். தபால்காரரைத்தான் அப்படிப் பார்ப்பாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடி இருக்குமே, அதில் இந்தப் பள்ளத்தாக்கின் மொத்த ஜனமும் வளர்ந்ததைப் பார்த்திருக்கிறாள். எவன் பொய் சொல்வான், எவள் அழுவது போல நடிப்பாள், எவன் சாப்பாட்டுப் பையைத் திறப்பான் எல்லாம் அத்துப்படி. இன்றைக்கு அவர்கள் வங்கி மேலாளராக இருந்தாலும் சரி, போலீஸாக இருந்தாலும் சரி, நெட்டிக்கு ஏழாவது சீட்டு, பதினோராவது சீட்டுதான்.

போன வருஷம் காட்டுத்தீ வந்தபோது 'உடனே வெளியேறவும்' என்ற செய்தி அவள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் அவள் பாலத்தைத் தாண்டி, ஊர்ப் பொருட்காட்சி மைதானத்தில் உட்கார்ந்து இரண்டாவது காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள். காற்று பலமாக அடித்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மின்சாரம் போனால் கைப்பேசி டவரும் போய்விடும். பள்ளத்தாக்குக்கு இருப்பதோ ஒரே சாலை, ஒரே பாலம். நெட்டி தனி ஆளாக இருந்தால் இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிடுவாள். ஆனால் டச்சஸ் என்று ஒரு கோவேறு கழுதை இருக்கிறது. கணவர் போன பிறகு அவளோடு அந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஜீவன். அதை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லரில் ஏற்ற அரைமணி நேரம் வேண்டும். போன வருஷம் அதன் வால்முடி பொசுங்கிப்போனது.

அந்த அரைமணி நேரத்தைத்தான் நெட்டி டுவேன் கடைக்கு வாங்கப் போனாள். தீயணைப்பு ஆட்கள் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசுவதை நம் வீட்டிலிருந்தே கேட்கிற ஸ்கேனர் ரேடியோ. நமக்கு வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அவர்கள் பேசிக்கொள்ளும்போதே காதில் விழுந்துவிடும்.

டுவேன் பர்சல், நான்காவது சீட்டு. ஒரு சூயிங்கத்தை இரண்டாகப் பிய்த்து, இரண்டையும் முழு விலைக்கு விற்ற பையன். இப்போது ஐம்பது வயது, வழுக்கை, ரேடியோ கடை.

மேஜைமேல் இரண்டு ஸ்கேனர்களை வைத்தான். ஒன்று பெரிய திரையும் பளபளப்புமாக இருந்தது. இன்னொன்று கறுப்பு, சோப்புக்கட்டி அளவு.

"மிசஸ் க்ரேபில், உங்களுக்கு இந்தச் சின்னதே போதும்" என்றான்.

நெட்டிக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. "என்னடா சொன்ன?"

"சின்னது போதும்னேன். விலையும் கம்மி."

"முப்பது வருஷமா கடை வச்சிருக்க. விலை கம்மியானதை வாங்குங்கன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா நீ?"

"நெஜமாத்தான் சொல்றேன். ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் பேசறதை எல்லாம் வெளியாளு கேக்காம பூட்டிட்டாங்க. எவ்வளவு காசு குடுத்து எதை வாங்கினாலும் அது கேக்காது. நம்ம ஊரு தீயணைப்பு மட்டும் இன்னும் பழைய முறையிலதான் பேசறாங்க. அதுக்கு இது தாராளம். சாதாரண பேட்டரி போட்டுக்கலாம், கரன்ட் போனாலும் ஓடும்."

"அப்ப அந்தப் பெருசு யாருக்கு?"

"அது மூணு மாவட்டத்தையும் பிடிக்கும். ஆயிரத்துச் சொச்சம் சானல். உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கா? ஏன், நான் கேக்கக்கூடாத விஷயம் ஏதாவது ஓடுதா அதுல?"

டுவேன் கூரையைப் பார்த்தான். நெட்டியும் கூரையைப் பார்த்தாள், அங்கே என்ன இருக்கிறது என்று. பிறகு பெரியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டுவேன் ஏணியோடு வந்து நின்றான். பள்ளத்துக்குள் இருக்கும் வீட்டில் சிக்னல் சரியாக வராது, மேட்டில் இருக்கும் கழுதைக் கொட்டகைக் கூரையில் ஒரு ஆன்டெனா கட்டிவிடுகிறேன் என்றான். கட்டினான். இறங்கி வந்து, பெரிய ஸ்கேனரைக் கையில் வாங்கிப் பார்த்து முகம் சுளித்தான்.

"எல்லா சானலையும் அப்படியே ஓட விட்டிருக்கீங்களே! யாரு பேசினாலும் இது அங்க போய் நின்னுடும். குப்பைவண்டி, ரோடு போடறவன், பக்கத்து மாவட்டத்து ஆம்புலன்ஸ்… நம்ம ஆளு பேசற நேரத்துல இது வேற எங்கயோ நின்னுட்டிருக்கும். தேவையில்லாததை எடுத்துடறேன்."

"தொடாதே. எது தேவை, எது தேவையில்லைன்னு யாரு முடிவு பண்றது? நீயா?"

அவன் பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கறுப்பு ஸ்கேனரை எடுத்தான். "இதை சும்மா வச்சுக்கோங்க. காசு வேண்டாம். நம்ம தீயணைப்பு சானல் மட்டும் போட்டிருக்கேன்."

அரை சூயிங்கத்தை இனாமாகக் கொடுக்காதவன் ஒரு ரேடியோவை இனாமாகக் கொடுக்கிறான்! அவன் வண்டி வளைவைத் தாண்டியதும் நெட்டி திருப்புளியை எடுத்து அதைப் பிரித்துப் பார்த்தாள். நம் பேச்சை ஒட்டுக் கேட்கிற மைக் ஏதும் இல்லை. ஒரு ஸ்பீக்கரும் பச்சை அட்டையும்தான் இருந்தன. அப்படியும் மனசு ஆறவில்லை. கொட்டகைக்குக் கொண்டுபோய், டச்சஸின் தீவனத் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டி, ஆன்டெனா ஒயரைச் செருகினாள். ஒட்டுக் கேட்பதாயிருந்தால் கழுதை மெல்லுகிற சத்தத்தைக் கேட்கட்டும்.

புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்குத் தீயணைப்புக்காரர்களுக்கு வயர்லெஸ் சோதனை. ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட, ஒவ்வொருவராக 'இருக்கிறேன்' என்பார்கள். முதல் புதன்கிழமை அந்த நேரத்தில் பெரிய ஸ்கேனர், பக்கத்து மாவட்டத்தில் ஒருவன் லாரியில் கான்கிரீட் இறுகிப்போனதற்காகத் திட்டு வாங்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நெட்டி அதை ரசித்தே கேட்டாள் என்பது வேறு விஷயம். சோதனை முழுவதையும் கேட்டது டச்சஸ் மட்டும்தான்.

அக்டோபரில் காற்று வந்தது. மின்சாரம் போயிற்று. கைப்பேசி செத்தது. மதியம் ஒரு மணிக்கு நெட்டி இடுப்பில் பெரிய ஸ்கேனரை மாட்டிக்கொண்டு கொட்டகையில் விட்டை வாரிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இருந்தது, எந்தத் தெருவில் குப்பைத்தொட்டி கவிழ்ந்தது என்று இரண்டு ஓட்டுநர்கள் வாதாடுவதை ஒலிபரப்பியது. அப்போது ஆணியில் தொங்கிய சின்னது கரகரத்தது.

"ஹார்லன் சரிவுக்குக் கீழ, ஓடைப்பக்கம். கொஞ்சம் புகை தெரியுது. அரை ஏக்கர்கூட இருக்காது. பெருசா ஒண்ணுமில்ல."

நெட்டியின் கையில் மண்வெட்டி நின்றது. குரல் வெண்டெல் ஓட்ஸுடையது. ஒன்பதாவது சீட்டு. இப்போது தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவன்.

"கூடுதல் வண்டி வேணுமா?" என்று கட்டுப்பாட்டு அறைப் பெண் கேட்டாள்.

"இப்ப வேண்டாம். கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்."

வேறு யார் கேட்டிருந்தாலும், அரை ஏக்கர்தானே என்று மறுபடி விட்டை வாரப் போயிருப்பார்கள். நெட்டியால் முடியவில்லை. மூன்றாம் வகுப்பில் வெண்டெல் இதே குரலில்தான் 'மிசஸ் க்ரேபில், வயிறு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு' என்றான். அடுத்த வளைவுக்குள் நான்கு சீட்டு நாசம். கை ஒடிந்த அன்றைக்கு 'கொஞ்சம் இடிச்சுக்கிட்டேன்' என்றான். எலும்பு வெளியே தெரிந்தது. முதல் மனைவி விட்டுப் போன வாரம், 'வீட்டுல கொஞ்சம் அமைதியா இருக்கு' என்றான்.

"வெண்டெலே கொஞ்சம்னு சொல்றான் டச்சஸ்" என்று கழுதையிடம் சொன்னாள். "கெளம்புடி."

வெண்டெல் பேரைக் கேட்டதும் டச்சஸ் தானாகவே நடந்துபோய் டிரெய்லரில் ஏறி, கதவைச் சாத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்ததாகப் பின்னால் நெட்டி எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் அது முன்காலை வைத்துவிட்டுப் பின்காலை எடுக்க மறுத்தது. தள்ளினாள், கெஞ்சினாள், அதன் தாயைப் பற்றித் தகாத வார்த்தை சொன்னாள். இருபத்தெட்டு நிமிஷம் போயிற்று. அதற்குள் ஓடைப்பக்கத்துப் புகை வெள்ளையிலிருந்து கறுப்பாகியிருந்தது. சின்ன ஸ்கேனரில் வெண்டெல், "இன்னும் கொஞ்சம் வண்டி அனுப்பினா நல்லாருக்கும், ஒரு பத்து" என்றான். இடுப்பில் இருந்தது கவிழ்ந்த குப்பைத்தொட்டியை இன்னும் நிமிர்த்தவில்லை.

அவள் வண்டி பாலத்தைத் தாண்டியபோது, எதிரே ஷெரிஃப் ஆபீஸ் கார் சைரனை அலறவிட்டபடி பள்ளத்தாக்குக்குள் வந்தது, எல்லோரையும் கிளம்பச் சொல்வதற்காக. ஓட்டியவன் டிரெய்லரையும் நெட்டியையும் பார்த்து வாயைப் பிளந்தான். ஆறாவது சீட்டு. எப்போதுமே தாமதமாகத்தான் வருவான்.

பொருட்காட்சி மைதானத்தில் இரண்டு நாள். குதிரைகள், ஆடுகள், கூண்டுக் கோழிகள், கட்டில் போட்ட கொட்டகை, இலவச பீன்ஸ் சூப். டுவேனும் அங்கே வந்திருந்தான்.

"அப்ப சின்னதுதான் வேலை செஞ்சுதா மிசஸ் க்ரேபில்?" என்றான், முகத்தில் ஒரு பூரிப்போடு.

"ரேடியோ எங்கடா வேலை செஞ்சுது? வெண்டெலை எனக்குத் தெரியும். அதான் வேலை செஞ்சுது." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா நீ ஏன் இனாமா குடுத்தேன்னு எனக்கு இன்னும் வெளங்கல."

"உங்க பேருந்துல நான் எட்டு வருஷம் வந்தேன். ஒரு நாள்கூட எங்களை எங்கயும் நீங்க விட்டுட்டுப் போனதில்ல. அதான்."

நெட்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் சூப்பில் பாதியை அவன் கிண்ணத்தில் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் மதியம் வெண்டெல் வந்தான். முகமெல்லாம் கரி, கண் சிவந்து, நடையில் தள்ளாட்டம். கூடவே வேறு மாவட்டத்திலிருந்து உதவிக்கு வந்த ஒரு தீயணைப்புக்காரி. நெட்டி எழுந்து நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் எழுந்து வந்தார்கள்.

"என் வீட்டுப் பக்கம் போனியா?"

"போனேன் மிசஸ் க்ரேபில்." தொப்பியைக் கழற்றினான். "கொட்டகை கொஞ்சம் கருகியிருக்கு. வீட்டுலயும் கொஞ்சம்…"

நெட்டி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டுவேன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். வெண்டெலின் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

வெளியூர்க்காரிக்கு அது தெரியாது. எல்லோரும் ஏன் இப்படி உறைந்து நிற்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "கொட்டகை கொஞ்சம் இல்லைங்க, சுத்தமா போயிடுச்சு" என்றாள். "ஆனா வீட்டுல, அவர் சொல்றது சரிதான். வாசப்படி மட்டும்தான் கருகியிருக்கு."