கூண்டு மீனும் கங்காணி பெரட்டும்

ஏரியில கூண்டு கட்டி மீன் வளர்க்கிறது ரொம்ப சுலபமான தொழிலுங்க. மீனைத் தவிர எங்க மலை ஊரு ரிங்லெட்டுல எல்லாருக்கும் அது தெரியும். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து வெட்டுற மெஷினைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனப்புறம், அணைக்கட்டு ஏரியில ஆறு கூண்டு போட்டேன். இதுவும் போச்சுன்னா மறுபடி அந்த மெஷின்தான். சொந்தத் தொழில் ஆரம்பிச்சு மாட்டிக்கிட்ட சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

ஆறு மணி பெரட்டு

கூட வேலைக்கு வந்தவர் மாரிமுத்து அண்ணன். தோட்டத்துல கங்காணியா இருந்தவர். விடியுமுன்னே ஆளுங்களை நிறுத்தி வேலை பிரிச்சுக் கொடுக்கிற பெரட்டு அவர் ரத்தத்துல ஊறிப்போச்சு. மீனுக்கும் அதே பெரட்டுதான். இருட்டு விலகுமுன்னே தீனி. விடியக்காலையிலதான் தண்ணியில மூச்சுக்காத்து கம்மி, தின்னா மீன் இன்னும் திணறும், வெயில் ஏறட்டும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?

ஒருநாள் நான் போறப்போ மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. மூச்சு முட்டுது. மனுஷன் அதைப் பசின்னு நினைச்சு இன்னும் ரெண்டு டப்பா அள்ளி வீசுறார். மத்தியானத்துக்குள்ள ஒரு கூண்டு காலி. எனக்கு அழுகையே வந்துருச்சு. அண்ணன் நிதானமா சொன்னார்: "பெரட்டுக்கு நிக்க முடியாத மீன வச்சிக்கிட்டு நீ என்னா தம்பி பண்ணப் போற?"

ஏரியைக் காப்பாத்துற கூட்டம்

ஏரியைக் கெடுக்காம மீன் வளர்க்கிறது எப்படின்னு டவுன்ல ஒரு கூட்டம். ஈப்போவுலேருந்து வந்த தமிழ் அதிகாரியம்மா திரையில படம் காட்டினாங்க. கூண்டுல மீனைக் குறைங்க, தீனியை மிஞ்ச விடாதீங்க, மிஞ்சினது அடியில அழுகினா ஏரி செத்துரும். எல்லாம் நிஜம்தான். மீனைக் குறைச்சிரணும்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுல கடல் மீன் கறி. நம்ம ஏரி மீன் போடலியா மேடம்னு கேட்டேன். "ஐயோ, ஏரி மீனா? அந்தத் தண்ணி எப்படி இருக்கோ லா."

செல்வத்தோட மீன்

பக்கத்துக் கூண்டுக்காரன் செல்வம், என் வயசுக்காரன். என்னை விட ரெண்டு மடங்கு மீனை அடைச்சு, மூட்டை மூட்டையா தீனி கொட்டுவான். தீபாவளி யாவாரத்துக்குள்ள மீனைக் கொழுக்க வைக்கணுமாம். அந்த வாரம் பூரா மழை. மேல காய்கறித் தோட்டத்து மண்ணெல்லாம் இறங்கி, ஏரியே கடையில ஆத்தித் தர்ற பால் டீ, அந்த தே தாரிக் மாதிரி ஆயிருச்சு. கலங்கின தண்ணியில மூச்சுக்காத்து குறையும்னு நான் மூணு நாள் தீனியை நிறுத்திட்டேன். மாரிமுத்து அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். செல்வம் நிறுத்தல. நாலாம் நாள் அவன் மீன் பூரா வயித்தைக் காட்டி மிதக்குது.

என் அஞ்சு கூண்டும் தப்பிச்சது. சந்தோஷப்பட ஏது நேரம்? அவன் மீன் அழுகினா என் தண்ணியும் சேர்ந்துதான் அழுகும். நானும் அண்ணனும் படகுல ஏறி, மூக்கைக் கட்டிக்கிட்டு, பொழுது சாயிற வரைக்கும் அள்ளிக் கரையில புதைச்சோம். செல்வம் அவன் கூண்டுப் பலகையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே சொன்னான்: "என் மீனு வயிறு நெறைய தின்னுட்டுத்தான் செத்துச்சு லா. உன்னோடது உசுரோட பட்டினி கெடக்கு. யாரு பாவம், நீயே சொல்லு."

ஆக, ஏரியைக் கெடுக்காம மீன் வளர்க்கிறதுன்னா வேற ஒண்ணுமில்லைங்க, சொந்த மீனைப் பட்டினி போட்டுட்டு ஊரான் மீனை அடக்கம் பண்றதுதான்.