முன்னால் அனுப்பிய பிள்ளை

நீதிபதியின் அறைக்குள் போகும்போது அக்கா மகள் கோர்ட் டவாலியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு போனாள். வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக வந்த அந்த ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வராந்தாவின் ஒரு கோடியில் பெற்றவள், மறு கோடியில் தகப்பன். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, யாரிடமும் போகாமல், நடுவில் நின்றவரின் விரலைப் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்தியதும் அக்கா என் கையைப் பற்றினாள். யாரோடு இருக்க ஆசை என்று நீதிபதி கேட்பார் என வக்கீல் முன்னமே சொல்லியிருந்தார். ஆறு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும் என்று வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

தூத்துக்குடி தனி மாவட்டமான புதிது அது. மில்லர்புரத்தில் எங்கள் வீடு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அக்காவை ஆத்தூரில், வெற்றிலை மண்டி வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அத்தான் அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால் கோர்ட்டில் காட்ட ஒரு தழும்பாவது இருந்திருக்கும். அவர் பேசமாட்டார். குழம்பில் உப்பு கூடினாலும் சரி, பிறந்த வீட்டிலிருந்து யாராவது வந்துபோனாலும் சரி, மாதக்கணக்கில் வாய் திறக்கமாட்டார். சாப்பாடு வேண்டும் என்பதைக்கூட, அந்த வீட்டிலேயே இருந்த அவருடைய தமக்கையிடம் சொல்லி, அந்த அம்மாள் அக்காவிடம் சொல்லவேண்டும். ஒரு நாள் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். 'செவுத்துக்கிட்ட பேசிப் பேசி எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்குளா' என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இப்படிக் கோபித்துக்கொண்டு வந்தவளைக் கூப்பிட ஆள் வருவார்கள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு புருஷன் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து, மழை தண்ணி பற்றியெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் 'பிள்ளைய அனுப்பி வைங்க' என்பார்கள். வருவதற்குத் தாமதமானால் பெண் வீட்டார் செய்வது ஒன்று உண்டு. குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டு, பலகாரம் கொடுத்து, அதை மட்டும் முன்னால் அனுப்பிவைப்பார்கள். எங்களுக்கு மனக்கசப்பு இல்லை, வந்து கூப்பிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

பெரியப்பாதான் யோசனை சொன்னார். 'பிள்ளை போச்சுன்னா தாயத் தேடும். தேடுனா அவன் கூப்பிட வந்துதான ஆகணும்?' அக்காவுக்கு அரை மனசு. ஆனாலும் தலைவாரிப் பின்னி, மக்ரூன் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பினாள். நாலு வயது நிறையாத பிள்ளை. பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்குதித்துப் போனது.

பிள்ளை தேடவில்லை. தேடியிருந்தாலும் தேடவிடாதபடி ஒருத்தி அங்கே இருந்தாள். அத்தானின் தமக்கை குழந்தையில்லாத விதவை. வெயிலில் நிற்கவிடாமல், தரையில் நடக்கவிடாமல் அந்தப் பிள்ளையைக் கொண்டாடினாள். அவள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு, குற்றம் சொல்லத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அக்கா தினமும் சாயங்காலம் முகம் கழுவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், திடீரென்று ஆள் வந்தால் உடனே கிளம்ப வசதியாக. யாரும் வரவில்லை. பெரியப்பா இரண்டு தடவை போய்வந்தார். 'பிள்ளை இருக்கட்டும், அவ அங்கனயே இருக்கட்டும்' என்று பதில் வந்ததாம், அதுவும் தமக்கை வாயால்.

அப்புறம்தான் வக்கீல், மனு எல்லாம். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டோம். சின்னப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, தாயிடம் தருவதில் என்ன தடை என்று நினைத்தேன். கோர்ட்டைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதிர்த்தரப்புக்கு உடம்பு சரியில்லை, நீதிபதி லீவு, வக்கீல்கள் பகிஷ்கரிப்பு என்று வாய்தாவுக்குமேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அக்காவோடு போவேன். நாங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்த காலத்தில் பிள்ளை ஆத்தூரில் பள்ளிக்கூடம் சேர்ந்தது, எழுதப் படித்தது, அத்தையை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது.

அக்கா சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: 'பிள்ளையை யாராவது உங்ககிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போனாங்களா?'

'இல்ல.'

'நீங்களாத்தானே அலங்காரம் பண்ணி அனுப்பி வச்சீங்க?'

'ஆமா. கூப்பிட வருவாங்கன்னுதான்...'

'ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கம்மா.'

'ஆமா.'

அந்த ஒரு வார்த்தையில் வழக்கு முடிந்தது. பிறகு பிள்ளையை உள்ளே கூப்பிட்டு விசாரித்தது எல்லாம் முறைக்குச் செய்ததுதான். அறையிலிருந்து அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். நீதிபதி மிட்டாய் கொடுத்து அன்பாகத்தான் பேசியிருக்கிறார். எங்கே இருக்கப் பிடிக்கும் என்றதற்கு 'ஆத்தூர் வீடு' என்றாளாம். பெத்த அம்மாகூடப் போறியா என்றதும் அழுதுவிட்டாளாம்.

உத்தரவு இங்கிலீஷில் இருந்தது. வேப்பமரத்தடியில் வக்கீல் தமிழில் சொன்னார். தாய் மனமுவந்து அனுப்பியிருக்கிறாள். குழந்தை அங்கே வேர் பிடித்துவிட்டது. பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் அதன் மனம் பாதிக்கும். குழந்தையின் நலனே முக்கியம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் போய்ப் பார்த்துவரலாம். நான் கோபத்தில், 'ஆத்தூர்ல வெத்தலைக்கொடிய நறுக்கித்தான் நடுதாங்க, அது தழைக்கலையா?' என்று கேட்டேன். 'இதெல்லாம் கோர்ட்ல எடுபடாதும்மா' என்றார் அவர். அந்த நீதிபதியை நான் திட்டாத திட்டில்லை. ஆனால் மனுஷர் ஈரமில்லாதவர் அல்ல. பிள்ளை அழக்கூடாது என்றுதான் அவரும் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆத்தூரில் ஓர் உறவினர் வீட்டு முன்னறையில் சந்திப்பு. பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்குத் தலையாட்டும். அக்கா கொண்டுபோனதைத் தின்னும். திரும்பிப்போன அன்று இரவெல்லாம் காய்ச்சல், பிதற்றல் என்று தமக்கை சொல்லியனுப்புவாள். பொய் என்றேன் நான். அக்கா நம்பினாள். ஒரு தடவை, கடைக்குக் கூட்டிப்போகிற சாக்கில் மூவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். தூத்துக்குடி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. 'ஏறுக்கா' என்றேன். அக்கா படிக்கட்டைப் பார்த்தாள். பிள்ளை அவள் கையை உதறிக்கொண்டு, 'வீட்டுக்குப் போகணும்' என்று உதட்டைப் பிதுக்கியது. பஸ் போய்விட்டது. அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் நின்றது. 'நான் போனாத்தானளா பிள்ளைக்கு ஆகல' என்றாள். கோர்ட்டு எழுதியதை அவளும் எழுதிக்கொண்டுவிட்டாள். அதன்பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

இப்போது குடும்ப நீதிமன்றம் தனியாக வந்துவிட்டது. தெரிந்த பெண் ஒருத்திக்குத் துணையாக அங்கே போயிருந்தேன். பிள்ளைகளுக்கென்று ஓர் அறை, சுவரில் கிளிப்படம், சக்கரம் கழன்ற ஒரு கார். ஆலோசனை சொல்லும் அம்மாள் குனிந்து ஒரு பையனிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். யாரோடு இருக்க ஆசை என்றுதான் கேட்டார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

போன ஐப்பசியில் அக்கா போய்ச்சேர்ந்தாள். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின்னும் அவள் போகவில்லை. அக்காவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: 'ஒரு தடவகூட என்னத் தூக்கிட்டு ஓடணும்னு அம்மாவுக்குத் தோணலையா சித்தி?'

பஸ் நிறுத்தத்தில் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு அது நினைவில்லை. 'நீ அழுவன்னு பயந்துட்டா. பிள்ளைய அழ வைக்கக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிருக்கேன்னு, அதையே சொல்லிட்டிருப்பா' என்றேன்.

அவள் கையிலிருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

'அழுதிருப்பேன் சித்தி. ஆத்துப் பாலம் தாண்டுத வரைக்கும் அழுதிருப்பேன். பெறவு அவங்க மடியிலயே தூங்கிருப்பேன்.'