வழக்குப் போட்டவரும் என் காரில்தான் வந்தார்

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனபிறகு என் மனைவி ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் டீச்சர். வாடகை குறைவு என்பதால் நாங்கள் இருந்தது திருநின்றவூரில். அவள் சம்பளமும் வந்தால்தான் வீடு ஓடும். அதனால்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கார் ஆசையே இல்லாத நான் கார் தேடி அலைந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து, கண் எரிய எரிய ஆவடிப் பக்கம் ஒவ்வொரு மெக்கானிக் ஷெட்டாக ஏறி இறங்கினேன்.

கடைசியில் இரண்டு பழைய வண்டிகள் எங்கள் கைக்கு எட்டின. ஒன்று நீல நிறம், புதுப் பெயின்ட். இன்னொன்று வெளிறிப்போன வெள்ளை, பின்கதவில் துரு. எனக்கு நீலம்தான் பிடித்தது. ஆனால் அதில் உட்கார்ந்த மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை. சீட் அவ்வளவு பள்ளம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இறங்கினாள். வெள்ளை வண்டியின் சீட் உயரம். தானே ஏறினாள், தானே இறங்கினாள்.

“இது போதுங்க” என்றாள்.

ஷெட்காரர் சிரித்தார். “இன்னா சார், அம்மாவே முடிவு பண்ணிட்டாங்க. இஞ்சின் நல்லாத்தான் கீது, எட்த்துகினு போ.”

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இரண்டு வழி சொன்னார். ஃபுல் போட்டால் நம் வண்டி அடிபட்டாலும் பணம் வரும்; பிரீமியம் அதிகம். தேர்டு பார்ட்டி என்றால் நம்மால் அடிபடுகிறவர்களுக்கு மட்டும். சட்டப்படி அது கட்டாயம். நான் தேர்டு பார்ட்டி போட்டேன். அடுத்த வருஷம் அதைப் புதுப்பிக்கவும் கையில் காசில்லை. போனஸ் வரட்டும், பார்க்கலாம் என்றேன்.

“நம்ம வண்டிக்குத்தான் ஒண்ணும் போடல. ரோட்ல போறவங்களுக்காவது கட்டுங்க” என்று மனைவி தன் டியூஷன் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். அலுப்போடு போய்க் கட்டிவிட்டு வந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. அவளைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தோம். குத்தம்பாக்கம் அருகே, கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் பள்ளத்தைத் தவிர்க்க நடுரோட்டுக்கு ஒடித்தார். பிரேக்கை மிதித்தேன். ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் அவர் மேல் மோதியது. சாலை முழுக்கக் கீரை. அவர் வலது கால் முட்டிக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவர் மனைவிக்குச் சொல்லி அனுப்பியதும், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததும் எல்லாமே அரைத்தூக்கத்தில் நடந்ததுபோல இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்தபோது அந்தச் சைக்கிள்காரர் ஊன்றுகோலோடு எங்கள் வாசலில் நின்றிருந்தார். ஏதோ தவறு செய்தவர்போலத் தலை குனிந்திருந்தார்.

“சார், உன் மேல கேஸ் போட்டாத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி துட்டு குடுக்கும்னு வக்கீல் சொல்றாரு. நீதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன. உன் மேலயே எப்டி போடுறது?”

“போடுங்க” என்றேன். “அதுக்குத்தான் பணம் கட்டியிருக்கு.”

என் மனைவி அவருக்கு நாற்காலி போட்டாள். “கோர்ட்டுக்கு எப்படிப் போவீங்க? இந்தக் காலோட பஸ் ஏற முடியுமா?” என்று கேட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நைட் ஷிப்ட் முடித்து வந்து, குத்தம்பாக்கத்தில் அவரை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனேன். அவர் மனுதாரர், நான் எதிர்மனுதாரர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி வழிவோம். பெயர் கூப்பிட்டால் யார் முதலில் விழித்தாலும் மற்றவரை எழுப்புவோம்.

கம்பெனி வக்கீல் ஒருநாள் பொறுமை இழந்தார். “என்ன சார், மனுதாரரை நீங்களே கூட்டிட்டு வரீங்க?”

“பஸ் ஏற முடியல சார்” என்றேன். அதற்குமேல் விளக்கத் தெம்பில்லை.

இழுத்து இழுத்து ஒருவழியாகத் தீர்ப்பு வந்து, பணமும் வந்தது. கால் மட்டும் நேராகவில்லை. சைக்கிள் மிதிக்க முடியாததால் வீட்டு முன்னால் சின்னதாய் ஒரு பெட்டிக்கடை போட்டார். எங்கள் வண்டியின் நசுங்கிய முன்பக்கத்துக்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை. ஹெட்லைட்டைக் கம்பி வைத்துக் கட்டி ஓட்டினேன்.

கடைசி வாய்தா முடிந்து அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இந்த வண்டியை விற்றுத் தொலைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. வழியில் நிறுத்திப் பெட்ரோல் போட்டேன்.