வாசல் கல்லின் முன்னால் அம்மா இருந்த காலை

அம்மா எம்முடன் இல்லாத முதலாவது ஆண்டு நிறைவடைகின்றது. இந்நினைவு மலரைக் கையிலெடுக்கும் பலர் அம்மாவின் சமையலையும் சிரிப்பையும் அறிவார்கள். பொலிசார் வருவார்கள் என்று தெரிந்தும் வீதியோரம் அசையாமல் இருந்த அம்மாவைச் சிலரே அறிவார்கள். மகளாகிய நான் அதையே எழுத விரும்புகின்றேன்.

பருத்தித்துறையில் பிறந்த அம்மா, மணமாகி அப்பாவுடன் அகதியாக இலண்டன் வந்து வெம்பிளியில் குடியேறினார். இன்று மாடிக் குடியிருப்புகள் நிற்கும் அப்பகுதியில் அப்போது தொழிற்சாலைகள் வரிசையாக இயங்கின. அவற்றுள் ஒன்றான மின்குமிழ்த் தொழிற்சாலையில், குமிழ்களைப் பெட்டியிலிடும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. ஆங்கிலம் தெரியாத அவரைத் தன் பக்கத்தில் நிறுத்தி வேலை பழக்கியவர் டோரின் என்ற ஜமேக்கப் பெண்மணி.

ஒரு நாள் களஞ்சியத்தில் தீப்பற்றியது. எல்லோரும் வெளியே ஓட, புகைக்குள் வழி தெரியாமல் அம்மா பின்தங்கிவிட்டார். வெளியே வந்துவிட்ட டோரின், அம்மாவைக் காணாமல் திரும்பவும் உள்ளே போனார். கதவுவரை இழுத்துவந்து அம்மாவை வெளியே தள்ளினார். கூரை சரிந்தது. டோரின் வரவில்லை. உடன் வேலை செய்தவர்கள் அவர் பெயரைக் கல்லில் வெட்டுவித்து வாசற்சுவரில் பதித்தார்கள். அம்மா அதே வாசலால் தொடர்ந்து வேலைக்குப் போனார். அப்பா காலமானபின் அண்ணையையும் என்னையும் வளர்த்தது அந்தச் சம்பளமே.

தொழிற்சாலை மூடப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் அங்கு வீடுகள் கட்ட அனுமதி கிடைத்தது. கவுன்சில் கூட்டத்தில் அம்மாவும் பழைய தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள். கல்லைக் கழற்றிப் பத்திரப்படுத்துவதாகக் கட்டட நிறுவனம் வாக்களித்தது. அந்நிறுவனத்தில்தான் அண்ணை மேற்பார்வையாளராக இருந்தார்.

இடிக்க இயந்திரம் வந்த காலையில் கல் அப்படியே சுவரில் இருந்தது. கழற்ற எவரும் வரவில்லை. அம்மா வீட்டுக் கதிரை ஒன்றைக் கொண்டுபோய் வாசலில் போட்டு அமர்ந்துவிட்டார். செய்தியறிந்து நான் ஓடிப்போனபோது, அண்ணை அவர் முன் குனிந்து நின்றார். நிறுவன முதலாளி பொலிசை அழைத்திருந்தார்.

“அம்மா, எழும்புங்கோ. இண்டைக்கு இந்தச் சுவர் விழாட்டில் எனக்கு வேலை இல்லை.”

“கல்லைக் கழட்டு. நான் எழும்புறன்.”

“அதுக்கு நேரம் தரமாட்டினம். பொலிஸ் வரப்போகுது.”

“வரட்டும். டோரின் உள்ளுக்குத் திரும்பிப் போகேக்கை ஆரிட்டையும் கேட்டுக்கொண்டு போகேல்லை.”

“அது உங்கடை காலத்துக் கதை, அம்மா. எனக்கும் அதுக்கும் என்ன?”

அம்மா அண்ணையை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நீ என்ர வயித்துக்கை இருந்தனி,” என்றார்.

எங்கள் இருவருக்கும் அதுவரை அது தெரியாது. பிள்ளை அந்தப் பாரத்துடன் வளரக்கூடாதென்று அம்மா மறைத்திருந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டே நின்றது. அண்ணை மெல்ல நிமிர்ந்து, எஞ்சினை நிறுத்தும்படி ஓட்டுநருக்குக் கைகாட்டினார். முதலாளி கத்தினார். அண்ணை உளியும் சுத்தியலும் எடுத்துவந்து கல்லைச் சுற்றியிருந்த சாந்தை உடைக்கத் தொடங்கினார். தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னர் அவர்களும் உளியெடுத்தார்கள். பொலிசார் வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. கதையைக் கேட்ட அவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

கல் உடையாமல் வெளிவந்தது. அம்மா எழுந்தார். அதன்பின் சுவர் விழுந்தது.

அண்ணைக்கு வேலை போனது. மாதக்கணக்கில் வேன் ஓட்டினார். அந்தக் கவலை அம்மாவை விடவேயில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனையில் அண்ணையின் கையைப் பிடித்துக் கேட்டார்.

“உனக்கு என்னிலை கோவமோ, தம்பி?”

“நீங்கள் எழும்பியிருந்தால்தான் கோவிச்சிருப்பன்.”

அம்மாவைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கும், கிங்ஸ்பரியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த சின்னம்மாவுக்கும், இறுதிக்கிரியைகளில் எம்முடன் நின்ற டோரினின் மகளுக்கும், உறவினர் நண்பர் அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். அன்று உளியெடுத்த தொழிலாளர்களுக்கும் எமது நன்றி. அவர்களை இங்கு பெயர் சொல்லி அழைக்க என்னால் முடியவில்லை. அம்மாவால் முடிந்திருக்கும், அன்று ஒவ்வொருவரின் கையையும் பிடித்துப் பெயர் கேட்டிருந்தார்.